நிறுவைத் தராசும் சேவையகத்தின் வாயிலும்
உள்வரும் இணைப்புகளை வரிசைப்படுத்தும் முறை பற்றிய ஓர் அறிமுகம்

1. தோற்றுவாய்

மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும் வேளையைக் கண்டவர்க்கு, வரிசை என்பது யாதென எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அற்றன், நுவரெலியாப் பகுதிகளில் மலைச்சரிவுகளிற் பரந்து நின்று கொழுந்தெடுக்கும் பெண்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் நிறுவை மடுவத்தை வந்தடைவர். தராசு ஒன்றே, கணக்குப் புத்தகமும் ஒன்றே. ஒருத்தியின் கொழுந்து தராசில் ஏறி, நிறை குறிக்கப்பட்டு, அவளது பேர் பதியப்படும் வரையில் ஏனையோர் காத்து நிற்றல் வேண்டும். அண்மைக்காலத்தில் இலத்திரனியல் தராசு வந்து சேர்ந்த தோட்டங்களிலும் வரிசை மறைந்துவிடவில்லை. அது நகரும் வேகமே மாறியுள்ளது.

இக்காத்திருப்பு வெறும் நேர இழப்பன்று. அழுத்திக் கட்டிய சாக்கில் நெடுநேரம் கிடக்கும் கொழுந்து வெப்பமேறிச் சிவந்து பழுதாகும். பிள்ளை மடுவத்திற் குழந்தையை விட்டு வந்தவளுக்கோ ஒவ்வொரு நிமிடமும் வேறொரு கணக்கு. எனவே, வரிசையை எவ்வாறு அமைப்பது, எத்துணை நீளவிடுவது, இடமின்றிப் போகுமிடத்து யாரைத் திருப்பியனுப்புவது என்னும் வினாக்கள் வாழ்வைத் தொடும் வினாக்களேயாம்.

இதே வினாக்கள் கணினி வலையமைப்பிலும் எழுகின்றன. க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிற் பல்லாயிரம் மாணவர் ஒரே மணித்தியாலத்தில் ஒரே சேவையகத்தை நாடுவதை நாம் அறிவோம். கைத்தொலைபேசியின் திரை வெறுமையாய்ச் சுழல்கிறது. ஈற்றில் ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்னும் செய்தி வருகின்றது. அவ்விடைவெளியில் நிகழ்வது யாது? சேவையக மென்பொருள் தன் வாயிலில் வந்து நிற்கும் இணைப்புகளை எவ்வாறு ஏற்கின்றது, எவ்வாறு மறுக்கின்றது? இவற்றை விளக்குவதும், அவ்வேற்பு முறையினால் மலையகம் போன்ற தொலைவிடத்து மாணவர்க்கு நேரக்கூடிய இடர்ப்பாட்டைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. மூன்று பொதிகளும் இரண்டு வரிசைகளும்

இணையத்தில் இரு கணினிகள் நம்பகமாக உரையாடுவதற்கு டி.சி.பி. எனப்படும் நடப்பொழுங்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 1974 இல் விண்டன் சேர்ஃப், ரொபேட் கான் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளமாயிற்று. 1981 செப்டெம்பரில் அதன் விதிகள் ஒழுங்குபட வகுக்கப்பட்டன. 2022 இல் அவை திருத்தித் தொகுக்கப்பட்டன.

இந்நடப்பொழுங்கின்படி, உரையாடல் தொடங்குமுன் மூன்று பொதிகள் பரிமாறப்படும். முதலில், நாடி வருபவர் தொடக்கப் பொதியொன்றை அனுப்புவர். சேவையகம் அதனைப் பெற்று மறுமொழிப் பொதி விடுக்கும். அது கிடைத்ததும் நாடி வந்தவர் உறுதிப் பொதியை அனுப்புவர். மூன்றும் நிறைவுற்ற பின்னரே இணைப்பு ஏற்பட்டதாகக் கொள்ளப்படும். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் ஒற்றைத் தண்டவாளத்தில், ஒரு நிலையத்தினின்றும் வண்டியைப் புறப்படவிடுமுன் அடுத்த நிலையத்தின் இசைவைப் பெற்றே அனுமதி வழங்கும் மரபு இருந்தமையை இதனோடு ஒப்புநோக்கலாம். இருபுற இசைவின்றி எதுவும் வழியில் இறங்கலாகாது என்பதே இரண்டிற்கும் பொதுவான கருத்து.

இம்மூன்று படிகளின் விளைவாகச் சேவையகத்தின் பணிசெயல் முறைமை இரு வரிசைகளைப் பேணுகின்றது. தொடக்கப் பொதி வந்து, உறுதிப் பொதி இன்னும் வாராத நிலையிலுள்ள இணைப்புகள் முதல் வரிசையில் நிற்கும். இதனை ‘அரைகுறை வரிசை’ என்போம். உறுதிப் பொதி வந்தவுடன் இணைப்பு இரண்டாவது வரிசைக்கு மாறும். இதனை ‘ஏற்பு வரிசை’ என்போம். சேவையக மென்பொருள் ‘அக்செப்ட்’ என்னும் அழைப்பின் வாயிலாக இவ்விரண்டாம் வரிசையினின்றும் ஒவ்வோர் இணைப்பாக எடுத்துப் பணி செய்கின்றது.

மலையிலிருந்து மடுவத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருப்பவர்களை முதல் வரிசைக்கும், தராசின் முன் கூடையுடன் நிற்பவர்களை இரண்டாம் வரிசைக்கும் ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு: இறங்கிக்கொண்டிருப்பவர்க்கும் சேவையகம் முன்கூட்டியே இடம் ஒதுக்குகின்றது. இவ்வேறுபாடு பின்னர்ப் பெருஞ்சிக்கலுக்கு வித்தாயிற்று.

1983 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தினர் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் இவ்வமைப்பு நிலைபெற்றது. ‘லிசன்’ என்னும் அழைப்பின் மூலம், எத்தனை இணைப்புகளை நிலுவையில் நிறுத்தலாம் என மென்பொருள் அறிவிக்கும். அன்று அதற்கிருந்த உயரெல்லை 5 மாத்திரமே. பின்னர் லினக்ஸ் முறைமையில் இவ்வெல்லை நெடுங்காலம் 128 ஆக இருந்து, 2019 இல் 4096 ஆக உயர்த்தப்பட்டது. வாயிலில் திரள்வோர் எத்துணை பெருகினர் என்பதை இவ்வெண்களே காட்டும்.

3. காத்திருப்பின் கணிதம்

வரிசை பற்றிய கணிதம் தொலைபேசியிலிருந்து பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய ஏர்லாங் என்னும் டென்மார்க்கு நாட்டுக் கணிதவியலாளர் 1909 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படும். அழைப்புகள் தற்செயலாக வந்து சேரும்போது எத்தனை கம்பித் தொடர்புகள் போதுமானவை என்பதே அவர் ஆராய்ந்த பொருள்.

1961 இல் ஜோன் லிட்டில் நிறுவிய விதி மிக எளியது. ஆயினும் அதன் ஆட்சிப் பரப்புப் பெரிது. ஓரமைப்பினுள் சராசரியாக இருப்போரின் தொகை, வருகை வீதத்தைச் சராசரித் தங்கு நேரத்தாற் பெருக்குவதற்குச் சமம் என்பதே அவ்விதி. நிமிடத்திற்கு 2 பேர் வந்து, ஒவ்வொருவரும் 5 நிமிடம் தங்குவராயின், எந்நேரத்திலும் சராசரியாக 10 பேர் அங்கிருப்பர்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருத்தியின் கொழுந்தை நிறுத்துப் பதியச் சராசரியாக 20 செக்கன் செல்கின்றது என வைத்துக்கொள்வோம். அஃதாவது, நிமிடத்திற்கு 3 பேரைக் கவனிக்கலாம். வருகையும் நிறுவை நேரமும் தற்செயலாய் ஏறியிறங்குவன எனக் கொள்ளின், ஏர்லாங் வழிவந்த சூத்திரங்கள் தரும் விடைகள் வருமாறு:

நிமிடத்திற்கு 2 பேர் வரின், ஒருவர் சராசரியாகத் தங்கும் நேரம் 1 நிமிடம். அங்கிருப்போர் 2 பேர்.
நிமிடத்திற்கு 2.7 பேர் வரின், தங்கும் நேரம் 3 நிமிடம் 20 செக்கன். அங்கிருப்போர் 9 பேர்.
நிமிடத்திற்கு 2.9 பேர் வரின், தங்கும் நேரம் 10 நிமிடம். அங்கிருப்போர் 29 பேர்.

வருகை 2 இலிருந்து 2.9 ஆக, அதாவது ஒன்றரை மடங்கிலும் குறைவாகவே உயர்ந்தது. காத்திருப்போ பத்து மடங்காயிற்று. வருகை 3 ஐ எட்டினால் வரிசை எல்லையின்றி நீளும். தராசு பழுதுபடவுமில்லை, கணக்கப்பிள்ளை சோம்பியிருக்கவுமில்லை. ஆயினும் வரிசை உறைந்து நிற்கும். சேவையகம் நேற்றுவரை செவ்வனே இயங்கி இன்று திடீரெனத் திணறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. முழுக் கொள்ளளவிற்கு அண்மையில் இயங்கும் எந்தவோர் அமைப்பும் சிறு மிகுதியையும் தாங்காது.

4. வரிசை நீண்டால் நன்றா?

இடம் போதாதெனின் வரிசையை நீட்டினாலென்ன என்று வினவலாம். பார்வைக்கு இது நியாயமான தீர்வே. கணக்கிட்டு நோக்கினால் நிலைமை வேறு.

ஒரு சேவையகம் செக்கனுக்கு 20 இணைப்புகளைக் கவனித்து முடிக்கின்றதெனக் கொள்வோம். ஏற்பு வரிசையின் எல்லை 128 ஆயின், நிரம்பிய வரிசையின் கடையில் நிற்பவர் 6.4 செக்கன் காத்திருப்பர். எல்லையை 4096 ஆக்கினால், கடையில் நிற்பவர் ஏறத்தாழ 205 செக்கன், அதாவது மூன்று நிமிடத்திற்கு மேல் காத்திருக்க நேரும். அத்துணை நேரம் பொறுத்திருப்பார் சிலரே. பலரும் பக்கத்தை மூடிவிடுவர். அல்லது மீண்டும் அழுத்துவர். அவர்கள் விட்டுச்சென்ற பழைய இணைப்போ வரிசையிற் கிடக்கும். சேவையகம் முறைப்படி அதனை எடுத்து, விடையைத் தயாரித்து, கேட்டவர் இல்லாத இடத்திற்கு அனுப்பும். சாக்கிற் கிடந்து சிவந்த கொழுந்தையும் தராசிலேற்றி ஸ்டோருக்கு அனுப்புவது போன்றதாம் இது: உழைப்பு நடைபெறுகின்றது, பயன் விளைவதில்லை.

இதனினும் கொடியது மீள்முயற்சி வெள்ளம். விடை தாமதிக்கும்போது ஒருவரே மூன்று முறை அழுத்துகின்றார், மூவராக எண்ணப்படுகின்றார். சேவை தளரும் வேளையிலேயே வருகை பெருகுகின்றது. ஆகவே, வரிசை என்பது சிறிது நேரத் திரளைத் தாங்கும் அணையேயன்றி, போதாமைக்குப் பரிகாரமன்று. ஒருவர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதைக் கண்டு, அந்நேரத்துக்குள் கவனிக்கத்தக்க தொகையளவிலேயே வரிசையை அமைத்தல் தகும்.

நிரம்பிய வரிசைக்கு மேலும் ஒருவர் வரின் என் செய்வது? இரு வழிகள் உள. ஒன்று, ‘இடமில்லை’ என உடனே மறுப்பது. மற்றது, வந்த பொதியை வாளா விட்டுவிடுவது. லினக்ஸ் பொதுவாக இரண்டாம் வழியைக் கைக்கொள்கின்றது. இது பண்பற்ற செயலாகத் தோன்றினும் இதற்கோர் ஏது உண்டு: மறுமொழி பெறாதவர் சற்றுப் பொறுத்துத் தாமே மீண்டும் முயல்வர், அதற்குள் இடம் கிடைக்கக்கூடும். லினக்ஸில் நெடுங்காலம் வழங்கிய முறைப்படி முதல் மீள்முயற்சி 1 செக்கனிலும், அடுத்தவை 3, 7, 15, 31, 63 ஆம் செக்கன்களிலும் நிகழும். 127 ஆம் செக்கனில் முயற்சி கைவிடப்படும். ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பதைக் காண்க. நெரிசல் மிகுமிடத்து எல்லோரும் விலகி நின்றால் எல்லோர்க்கும் வழி கிடைக்கும் என்பது இதன் உட்கருத்து. ஆயினும் திரையை நோக்கியிருப்பவர்க்கு இவ்வொழுங்கு தெரிவதில்லை. வெறுமை மட்டுமே தெரிகின்றது.

5. கணக்கப்பிள்ளைகள் எத்தனை பேர்?

தராசுகளைப் பெருக்குவது மற்றொரு தீர்வு. 1995 இல் தோன்றிய அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருள் பல செயன்முறைகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்து, வரும் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு செயன்முறையிடம் ஒப்படைத்தது. எளிமையும் உறுதியும் வாய்ந்த முறை இது. எனினும் ஒவ்வொரு செயன்முறையும் நினைவகத்தில் இடம் கொள்ளும். மெதுவான தொடர்பிலிருந்து ஒருவர் சொட்டுச் சொட்டாகத் தரவைப் பெறும்போது, ஒரு முழுச் செயன்முறை அவர் பொருட்டே முடங்கிக் கிடக்கும்.

1999 இல் டான் கெகல் என்பார், ஒரே சேவையகம் ஒரே வேளையில் 10,000 இணைப்புகளைக் கையாள இயலாதா என்னும் வினாவை எழுப்பினார். இயலும் என்பதற்கான கருவிகள் அடுத்த சில ஆண்டுகளில் வளர்ச்சியுற்றன. இணைப்புகளுள் எவற்றிற்கு இப்போது கவனம் தேவை என்பதைப் பணிசெயல் முறைமையே தெரிவிக்க, சில செயன்முறைகள் மட்டும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாறிமாறிக் கவனிக்கும் முறை உருவாயிற்று. 2004 இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது. ஒருத்தி சாக்கின் முடிச்சை அவிழ்க்கும் வரை வாளா நில்லாமல், அவிழ்த்து முடித்தவளின் கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளையின் முறை இது.

பல செயன்முறைகள் இருக்குமிடத்து வரிசை ஒன்றா, பலவா என்பதும் சிந்தனைக்குரியது. ஒரே பொது வரிசையாயின், ஓய்ந்திருக்கும் எவரும் அடுத்தவரை அழைக்கலாம்; காத்திருப்புச் சீராக அமையும். ஆனால் பழைய முறைமைகள் சிலவற்றில், ஓர் இணைப்பு வந்தவுடன் உறங்கிக்கொண்டிருந்த செயன்முறைகள் அனைத்தும் விழித்தெழுந்து, ஒன்று மட்டும் பணியைப் பெற, ஏனையவை வீணே மீண்டும் உறங்கச் செல்லும் இடர் இருந்தது. 2013 இல் லினக்ஸ், ஒவ்வொரு செயன்முறைக்கும் தனி வரிசை அமைக்கும் வாய்ப்பை அளித்தது. இந்நெருக்கடி அதனால் தவிர்க்கப்பட்டது. ஆயின் தனி வரிசைக்கும் ஒரு குறை உண்டு: ஒரு செயன்முறை தடைப்பட்டு நிற்பின், அதன் வரிசையில் அகப்பட்டோர், பக்கத்துத் தராசு வெறிதாய் இருப்பினும், காத்தே நிற்பர்.

6. வாராதோர் நிரப்பிய வரிசை

அரைகுறை வரிசையில் முன்கூட்டியே இடம் ஒதுக்கப்படுவதை மேலே குறித்தோம். தொடக்கப் பொதியை மட்டும் பொய் முகவரிகளிலிருந்து ஓயாது அனுப்பி, உறுதிப் பொதியை ஒருபோதும் அனுப்பாது விட்டால் என்னாகும்? வாராதோரால் வரிசை நிரம்பும். வந்தோர்க்கு இடமில்லாது போகும். 1996 செப்டெம்பரில் நியூயோர்க்கிலிருந்த பேனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனம் இத்தாக்குதலுக்கு ஆளாயிற்று. நடப்பொழுங்கின் நம்பிக்கையே அதன் நலிவாயிற்று எனலாம்.

அதே மாதத்தில் டானியல் பேர்ண்ஸ்டைன் கூறிய பரிகாரம் நுட்பமானது. சேவையகம் எதனையும் தன் நினைவகத்திற் பதிந்து வைப்பதில்லை. நேரம், இருபுற முகவரிகள், தானே அறிந்த இரகசியம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் எண்ணைக் கணித்து, அதனையே மறுமொழிப் பொதியின் தொடர் இலக்கமாக அனுப்புகின்றது. உண்மையில் வர எண்ணியவர் அவ்வெண்ணின் வழிவந்த இலக்கத்தை உறுதிப் பொதியில் திருப்பித் தருவர். சேவையகம் மீண்டும் கணித்துப் பார்த்து, அது தான் தந்ததே எனக் கண்டு இணைப்பை ஏற்கும். பதிவேட்டைத் தான் சுமவாது, வருபவர் கையிலேயே கொடுத்துவிடும் உபாயம் இது.

இங்கு மலையக வரலாற்றின் ஒரு சின்னம் நினைவுக்கு வருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்க்குத் தோட்டத்தின் குறியீடும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு வழங்கப்பட்டது. யார், எத்தோட்டத்திற்குரியவர் என்பதை வழிநெடுக உள்ள அலுவலர் தம் ஏடுகளைப் புரட்டாமலே அத்துண்டைக் கொண்டு அறிந்தனர். தன்னைப் பற்றிய பதிவைத் தானே சுமந்து செல்லும் முறை என்ற அளவில் இரண்டும் ஒக்கும். பயனில் ஒவ்வா: தகரத் துண்டு தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணித்தது, பேர்ண்ஸ்டைனின் இலக்கம் நேர்மையாக வருவோர்க்கு வழி திறக்கின்றது. ஒரே நுட்பம் எவர் நலத்துக்காக வகுக்கப்படுகின்றது என்பதே கருதத்தக்கது.

7. வெளியே நிற்பவர் யார்?

வரிசை எல்லோர்க்கும் சமமானது என்பது பொது நம்பிக்கை. மேற்கூறிய கணக்குகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஒரு சேவையகத்திற்குச் செக்கனுக்கு 200 தொடக்கப் பொதிகள் வருகின்றன எனக் கொள்வோம். பொதி போய் மீள 50 மில்லிசெக்கன் மட்டுமே செல்லுமாயின், லிட்டிலின் விதிப்படி அரைகுறை வரிசையில் 10 இணைப்புகளே இருக்கும். அதே தொகையினர், மலைகள் மறித்த நலிந்த சமிக்ஞையின் வழியே, 600 மில்லிசெக்கன் தாமதத்துடன் வருவராயின், வரிசையில் 120 இணைப்புகள் நிற்கும். தொலைவிலிருப்பவர் வரிசையில் மிகுதியான இடத்தைக் கொள்கின்றார். ஆதலின் வரிசை நிரம்பும் வேளையில் அவரே மிகுதியும் தள்ளப்படுகின்றார். அவரது பொதி வழியிற் சிதைந்தாலும் அவரே இரட்டிக்கும் இடைவெளியிற் காத்திருக்க நேருகின்றது. தலைநகரில் ஒளியிழைத் தொடர்பின் முனையிலிருப்பவர் ஓரிரு செக்கன்களிற் பெறுவதை, மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ லயத்தின் வாசலில் கைத்தொலைபேசியை உயர்த்தி நிற்கும் மாணவி அரைமணி முயன்றும் பெறாதிருத்தல் கூடும். எவரும் அவளை விலக்க எண்ணவில்லை. அமைப்பு அவளை எண்ணவேயில்லை.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலைநாட்டுப் பிள்ளைகள் சமிக்ஞை தேடிக் குன்றேறிய செய்தி பலரும் அறிந்ததே. குன்றின்மேற் சமிக்ஞை கிடைத்தபின்னும், அவர்கள் சேர்ந்தது ஒரு வரிசையின் கடையே என்பதை உணர்ந்தோர் சிலர்.

இதற்குச் செய்யத்தக்கன உள. முதலாவதாக, இணைப்பின் தொடக்கச் செலவைக் குறைத்தல். பழைய முறையில் டி.சி.பி. பரிமாற்றத்திற்கு ஒரு சுற்றும், மறைகுறியாக்க இசைவிற்கு இரு சுற்றுகளும் தேவைப்பட்டன. 600 மில்லிசெக்கன் தாமதத்தில் இது 1.8 செக்கன் ஆகும். 2018 இல் வந்த புதிய மறைகுறியாக்க நடப்பொழுங்கு ஒரு சுற்றைக் குறைத்தது. 2021 இல் நியமமாகிய குயிக் நடப்பொழுங்கு இரண்டையும் ஒரே சுற்றில் இணைத்தது. 1.8 செக்கன் 0.6 செக்கனாகக் குறைந்தது. இரண்டாவதாக, ஏற்ற இணைப்பை உடனே மூடிவிடாது அடுத்த வினாவுக்கும் பயன்படுத்தல். மூன்றாவதாக, பக்கத்தைச் சிறிதாக ஆக்குதல். பெறுபேறொன்றைக் காட்டச் சில வரிகளே போதும், படங்கள் வேண்டுவதில்லை. நான்காவதாக, இடமில்லாத வேளையில் வாளாவிராது, ‘இத்துணை நேரம் கழித்து வருக’ எனத் தெளிவாகக் கூறுதல்.

ஐந்தாவது, வருகையையே ஒழுங்குபடுத்தல். இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2022 இல் எரிபொருள் நிலையங்களின் முன் மைல் கணக்கில் வரிசைகள் நீண்டபோது, வரிசைக்கு மேலும் இடம் தேடுவது தீர்வாகவில்லை. வாகனப் பதிவெண்ணின் இறுதி இலக்கத்தால் நாள் பிரித்தும், அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதியின் குறியீட்டால் வாரப் பங்கை வரையறுத்துமே வரிசைகள் குறுக்கப்பட்டன. சுட்டெண்ணின் இறுதி இலக்கத்தைக் கொண்டு பெறுபேறு பார்க்கும் மணித்தியாலங்களைப் பகுத்தலும் இவ்வாறே இயலும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன சில. கொள்ளளவை அண்மிக்கும்போது காத்திருப்புப் பன்மடங்காகும். நீண்ட வரிசை போதாமையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. எவரும் திட்டமிட்டு ஒதுக்காவிடினும், தொலைவும் நலிந்த தொடர்பும் உடையவரே முதலிற் புறத்தே தள்ளப்படுவர்.

நிறுவை மடுவத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. தூர மலையிலிருந்து வருபவள் இன்னும் வந்து சேரவில்லையெனின், தராசை எடுத்துவிட வேண்டாமென உடன் நிற்பவர்கள் குரல் கொடுப்பர். அவ்வாறு குரல் கொடுக்கும் தோழியர் கணினியின் வரிசையில் இல்லர். ஆகவே அக்குரலை மென்பொருள் எழுதுவோரே தம் நிரலிற் பதித்தல் வேண்டும். அவ்வாறு எழுதுவோர் மலையகத்திலிருந்தும் மிகுதியாகத் தோன்றும் நாளில் இவ்வரிசைகள் சற்றேனும் நேராகும் என நம்பலாம்.